கொடையும் ஒப்புரவும்: யாழ்ப்பாணத் திருச்சபையின் காணிக்கை மரபு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம் பற்றிய ஆய்வுகள் கல்வி, அச்சு, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளை விரிவாக நோக்கியுள்ளன. அப்பணிகளுக்கு வேண்டிய பொருளைத் தந்தோர் யாவர், அவர்கள் எவ்வாறு நினைவுகூரப்பட்டனர் என்னும் வினாக்கள் அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. தாராளமாகக் கொடுக்குமாறு திருச்சபை தன் மக்களைத் தூண்டுகையில், எத்தகைய சமூக உறவினை அது முன்வைக்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வினாக்கள் இன்றியமையாதன.

1816இல் குடாநாட்டிற் பணிதொடங்கிய அமெரிக்க மிசன், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியையும் 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையையும் நிறுவியது. விடுதிப் பிள்ளைகளின் செலவினை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்கு இடப்படுவது வழக்கமாயிருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) தந்த ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை முதலியோரின் பெயர்கள் இவ்வழக்கினை நினைவூட்டுவன. நமது இலக்கிய வரலாற்றிலேயே கொடையாளியின் முத்திரை பதிந்துள்ளது. பெற்றவன் தன் பெயரிலே ஒரு பாகத்தை ஈடாகக் கொடுத்தான். புலவன் பாடப் புரவலன் புகழ்பெற்ற பழைய உறவு புதிய வடிவிலே தொடர்ந்தது எனலாம்.

இதனோடு பிறிதொரு மரபும் வளர்ந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கெனப் பெண்கள் எடுத்துவைத்தனர். 1832இல் தோன்றிய சுதேச சுவிசேஷ சங்கம் உள்ளூர் மக்களின் காணிக்கையைக் கொண்டு தீவுப் பகுதிகளிற் பணியாற்ற முற்பட்டது. பிடியரிசி கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. சைவ நிறுவனங்களும் அதனைக் கைக்கொண்டன. மிசோரத்துத் திருச்சபைப் பெண்களும் 1910 முதல் இம்முறையைப் பேணிவந்துள்ளனர். காசு ஆணின் கையிலிருந்த சமூகத்திற் பெண்ணின் ஆளுகைக்கு உட்பட்ட பொருள் அடுக்களை அரிசியே. அது ஒரே பெட்டியிற் கலந்தபின் எது யாருடைய பிடி எனப் பிரித்தறிய இயலாது. அங்கே பெயர் பொறிக்க இடமில்லை.

வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு தனி அதிகாரங்களாக வகுத்தமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. ஈகை, உள்ளவன் இல்லாதவனுக்கு வழங்குவது. ஒப்புரவு, ஊரோடு வாழ்பவன் ஊருக்கு ஆற்றும் கடன். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேம் மக்களுக்கான சேகரிப்புக்குப் பவுல் காட்டும் நியாயமும் சமநிலையே. ஏழை விதவையின் இரு காசுகளைப் புகழும் பிரசங்கிகள், மாற்கு சுவிசேஷத்தில் அதற்குச் சற்று முன்னரே விதவைகளின் வீடுகளை விழுங்குவோர் கண்டிக்கப்படுவதைக் கூறாது விடுவதுண்டு. அவ்விரு பகுதிகளையும் சேர்த்து வாசிக்கும்பொழுது, விதவையின் கொடை போற்றப்படுவது மட்டுமன்றி, அவளை வறியவளாக்கிய ஒழுங்கும் விசாரணைக்கு உள்ளாகின்றது.

காணிக்கையை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடுதல் முற்போக்காளர் சிலரிடம் காணப்படும் எளிய முடிபாகும். பிடியரிசியில் உழைக்கும் பெண்களின் கூட்டு முயற்சி உண்டு. அந்நிய உபகாரியிற் தங்கியிராது நிற்கும் விருப்பமும் உண்டு. ஆயின் அதனை இலட்சியப்படுத்துவதும் தவறாகும். அரிசியைத் தந்த கைகளும் அதன் செலவைத் தீர்மானித்த கைகளும் ஒன்றாயிருக்கவில்லை. சாதியும் சொத்தும் ஆண்மேலாண்மையும் திருச்சபையின் வாயிலில் நின்றுவிடவில்லை.

2009இல் யுத்தம் முடிந்தபின், புலம்பெயர்ந்தோரின் பணம் ஆலயங்களைப் புதுப்பிக்க உதவியுள்ளது. அவ்வுதவியின் பெறுமதியை மறுத்தல் நன்றிகேடாகும். எனினும் வாங்கிலும் சுவரிலும் பளிங்கிலும் பொறிக்கப்படும் உபகாரிகளின் பெயர்கள், செமினறி மாணவரின் பெயர்களை நினைவூட்டுகின்றன. தாராளத்தை வளர்க்க விரும்பும் சபை, கொடுப்போரின் தொகையை மட்டும் எண்ணுதல் போதாது. மிகக் குறைவாகக் கொடுப்பவளுக்கும் செலவினைத் தீர்மானிப்பதிற் சமமான குரல் உண்டா என்பதே அதன் உரைகல். அக்குரல் கிடைக்கும்பொழுதே கொடை ஒப்புரவாகும்.