ஐந்து பகுதி வைத்தியம்

நாவலாசிரியனுக்கு விமர்சனத்துக்கென்று வருகிறவை பெரும்பாலும் நாவல்கள். சென்ற மாதம் நண்பர் ஒருவர் அனுப்பிய காகிதக் கட்டில் இருந்ததோ ஒரு வைத்தியம். மூட்ஜிம் என்ற இணைய வைத்தியத்தின் பழைய பதிப்பைப் பற்றிய குறிப்புகளும், அதைச் சோதித்தவர்கள் எழுதிய அறிக்கைகளும். "இதில் பாத்திரங்கள் உண்டு, பகுதிகள் உண்டு, முடிவில் சுபமும் உண்டாம். படித்துவிட்டு எப்படி என்று சொல்லும்" என்று எழுதியிருந்தார்.

கேலிதான். கடைசி வரியில் மட்டும் கேலி இல்லை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் அவருடைய மகனுக்கு நாலு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. மனநல ஆலோசகரைப் பார்க்க முறை வரும்வரை இம்மாதிரி ஒன்றை இணையத்தில் தானாகவே பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர். "இது பலிக்குமா?" என்று கேட்டிருந்தார். ஆகவே ஒரு நாவலுக்குக் கொடுக்கிற சிரத்தையை இதற்கும் கொடுத்து வாசித்தேன்.

மூட்ஜிம் 2001-இல் கான்பெராவில், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஹெலன் கிறிஸ்டென்சன், காத்லீன் கிரிஃபித்ஸ் முதலானோர் செய்தது. ஐந்து பகுதிகள். வீட்டில் உட்கார்ந்தபடியே, யாருக்கும் தெரியாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பயிற்சி செய்துகொண்டு போகவேண்டும். அடிப்படைச் சரக்கு புதிதல்ல. பிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற டாக்டர் 1960-களில் கண்டறிந்ததுதான். சோர்ந்துபோன மனிதன், ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் வரும் துக்கத்துக்கும் நடுவே, தானறியாமல் ஒரு வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அந்த வாக்கியத்தைக் கையும் களவுமாகப் பிடித்து விசாரிக்கப் பழகினால் துக்கம் தணிகிறது. பெக் இதை நோயாளியின் எதிரே உட்கார்ந்து செய்தார். கான்பெராக்காரர்கள் டாக்டரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் ஒரு திரையை வைத்தார்கள்.

இந்த வகை வைத்தியம் எல்லாவற்றுக்கும் உயிர்நிலையான பயிற்சி ஒன்று உண்டு. காகிதத்தில் கோடு போட்டுக் கட்டங்கள் பிரிப்பது. முதல் கட்டத்தில் நடந்ததை எழுதவேண்டும். அடுத்ததில், நடந்ததைப் பற்றி மனம் என்ன சொல்லிற்று என்பதை. பிறகு, மனம் சொன்னதற்குச் சாதகமாகவும் பாதகமாகவும் உள்ள சாட்சியங்கள். கடைசியில், இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் நியாயமாக என்ன சொல்லலாம் என்பது.

என் சொந்த வியவகாரத்தையே எழுதிப் பார்த்தேன். 'பத்திரிகைக்குக் கதை அனுப்பி ஆறு வாரம் ஆயிற்று; பதில் இல்லை.' இது நடந்தது. 'கதை மோசம், இனிமேல் எனக்கு எழுத வராது.' இது மனம் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் வாக்கியம் தந்தி மாதிரி இருக்கிறது, இரண்டாவது கதை. முப்பது வருஷமாக இந்த இரண்டாவது வாக்கியத்தை விற்றுத்தான் நான் சாப்பிடுகிறேன்! பதில் வராத ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம் எழுதுகிறவனுக்கு, அது தன் விஷயத்திலும் வெறும் கற்பனையாக இருக்கலாம் என்று தோன்றாமல் போனது வேடிக்கைதான். சாட்சியம் எழுதும் இடத்தில் பேனா நின்றது. அந்த ஆசிரியர் போன தடவை எட்டு வாரம் கழித்து எழுதினார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்தப் பயிற்சியை நான் மனதாரப் புகழ்கிறேன்.

பாத்திரங்களைத்தான் புகழ முடியவில்லை. நோபிராப்ளமோஸ் என்று ஒருவர். தொல்லையில்லாதவர் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. கிரீப்பி என்று இன்னொருவர். பதினோராம் நூற்றாண்டில் கிருஷ்ண மிச்ரர் எழுதிய பிரபோத சந்திரோதயத்தில் விவேகமும் மகாமோகமும் ராஜாக்களாக வந்து சண்டை போடுவார்கள். அங்கே யார் ஜயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தத்துவம் சொல்ல வந்த நாடகம், போகட்டும். ஆனால் இரவு 2 மணிக்குத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, தொல்லையே இல்லாத ஒருவரைக் காட்டிலும் எரிச்சல் மூட்டக்கூடிய துணை வேறு உண்டா? ஒரே ஒரு தடவை அந்த மனிதர் தோற்றிருந்தால், எங்கேயாவது ஒரு பயிற்சியில் அவருக்கும் கட்டம் நிரம்பாமல் போயிருந்தால், நான் அவரோடு ஐந்து பகுதியும் போயிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனம் சொல்லும் வாக்கியம் எப்போதும் பொய்யாக இருப்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் 'இனி அவன் வரமாட்டான்' என்று எழுதினால் எதிர்ச்சாட்சியம் எங்கே தேடுவது? அவளுக்கு இந்தக் கட்டங்கள் உதவா.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் எந்த வைத்தியத்தை ஏற்கலாம் என்று சொல்லும் நைஸ் என்ற அமைப்பு, 2006-இல் 'பீட்டிங் தி ப்ளூஸ்' என்ற இதே ஜாதி வைத்தியத்தை மனச்சோர்வுக்குச் சிபாரிசு செய்தது. அதையும் மூட்ஜிமையும் 691 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2015-இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் வெளியிட்டார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான டாக்டர் கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் மேலாக இல்லை. மூட்ஜிமை முழுவதும் முடித்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். பாதிப்பேராவது ஒரு பகுதியைத் தாண்டவில்லை. என் தொடர்கதையை ஆறு பேரில் ஒருவர்தான் கடைசிவரை படித்தார் என்றால் ஆசிரியர் என்னை மறுவாரமே கூப்பிட்டு அனுப்பிவிடுவார்.

ஆனால் வாசகனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கட்டங்களை அவ்வளவு புகழ்ந்தேனே, நானே மூன்றாம் நாள் நிறுத்திவிட்டேன். காரணம் ஒன்றுமில்லை. ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்கவுமில்லை. எதிலும் பிடிப்பில்லாமல் போவதுதான் வியாதி. அந்த வியாதிக்காரனிடம் ஐந்து பகுதியையும் நீயே பிடித்துக்கொண்டு ஏறு என்கிறோம்.

கான்பெராவில் 525 பேரிடம் நடந்து, 2004-இல் வெளியான சோதனையில் மூட்ஜிம் பலன் தந்தது. அந்த அறிக்கையில், வாசிக்கிறவர்கள் வேகமாகத் தாண்டிவிடக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் இல்லை, சாதாரண ஆள். ஆஹா, தொலைபேசிதான் மருந்து என்று நான் துள்ளினேன். துள்ளியிருக்கக்கூடாது. வைத்தியம் தரப்படாமல் ஒப்பிடுவதற்காக வைத்திருந்த கூட்டத்தாரையும் அதேபோல வாராவாரம் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு அவ்வளவு தேறவில்லை. ஆகவே கட்டங்களும் வேலை செய்திருக்கின்றன, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2017-இல் இங்கிலாந்திலிருந்து வந்த மற்றொரு சோதனையில், தொலைபேசித் துணையோடு மூட்ஜிம் பழகியவர்கள் நாலாவது மாதத்தில் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது.

நண்பருக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "பையன் செய்யட்டும். நல்ல சரக்கு, பாத்திரப் படைப்பு மட்டும் மட்டம். இதைக் காட்டி டாக்டர் அவனை வரிசையிலிருந்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற தினுசில் ஒரு வார்த்தை வந்தால் இதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். அதுவரை, வாரம் ஒருமுறை நீர் கூப்பிடும். புத்திமதி வேண்டாம். எந்தப் பகுதி ஆயிற்று என்று மட்டும் கேளும்."

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து கார்டு வந்தது. "ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். முதல் பகுதி ஆயிற்றாம். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அரை மணி நேரம் கிரிக்கெட் பேசினோம்."