சாதியற்றவனின் முன்கதை: ‘ட்ரகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ பற்றிச் சில குறிப்புகள்

‘ட்ரகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ என்ற கணனி விளையாட்டை ஆடி முடித்த இருவர் சந்தித்துக்கொண்டால், “நீங்கள் எந்த முன்கதையை எடுத்தீர்கள்?” என்பதே முதற் கேள்வியாக இருக்கும். அடுத்தது, எது மிகவும் பிடித்தது என்பது. இந்த இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானோர் அழவைத்த கதையின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அழவைத்தது எது என்பதும் சிறந்தது எது என்பதும் வேறு வேறு விடயங்கள் என்பதை நாவல், சிறுகதை குறித்துப் பேசும்போது நாம் ஒப்புக்கொள்கிறோம். விளையாட்டு என்று வந்ததும் அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட வேண்டியதில்லை.

கனடாவின் எட்மன்டன் நகரில் இயங்கும் பயோவெயார் நிறுவனம் 2009 நவம்பரில் இதை வெளியிட்டது. எழுத்தாளர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டேவிட் கெய்டர். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்களில் முன்கதை என்பது புதிய சரக்கல்ல. 1974இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்’ மேசை விளையாட்டு வெளிவந்த பின்னர், ஆடுபவர் தம் பாத்திரத்தின் ஊரையும் உறவையும் தாமே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரும் வழக்கம் வளர்ந்தது. ஆட்டத்தை நடத்துபவர் அதைப் பயன்படுத்தினாலும் உண்டு, மறந்தாலும் உண்டு. கணனிக்கு வந்தபோது அந்தத் தாள் இன்னும் சுருங்கிற்று. பட்டியலிலிருந்து ஒரு வரியைத் தெரிவு செய்தால் ஓரிரு புள்ளிகள் கூடும், அவ்வளவுதான். ‘ஒரிஜின்ஸ்’ செய்த காரியம், முன்கதையை வாசிக்கத் தராமல் வாழத் தந்தமை. ஆறு வெவ்வேறு தொடக்கங்கள். ஒவ்வொன்றும் ஓரிரு மணித்தியாலங்கள் நீளும். ஒவ்வொன்றின் முடிவிலும் டங்கன் என்ற முதிய வீரர் வந்து நம்மைக் ‘கிரே வார்டன்’ படைக்கு அழைத்துச் செல்கிறார். அதன் பின் எல்லோருக்கும் ஒரே பாதை: ஒஸ்டகார் போர்க்களத்தில் அரசன் மடிவதும், தளபதி லோகேன் படையைத் திருப்பிக்கொண்டு போவதும், நாம் பழைய உடன்படிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நாடெங்கும் துணை தேடி அலைவதும்.

பாதை ஒன்றாகிவிடுகின்றபடியால், நல்ல முன்கதையை அறிவதற்கான சோதனையும் இங்கேயே கிடைத்துவிடுகிறது. பாதை ஒன்றான பின்னரும் அந்த முன்கதை உயிரோடு இருக்கிறதா? பின்னால் வரும் ஒரு தீர்மானத்தில் அது நம் கையைப் பிடித்து இழுக்கிறதா? இழுக்கவில்லையென்றால், அது எவ்வளவு கண்ணீரை வரவழைத்திருந்தாலும் முகவுரைதான்.

இப்படிப் பார்க்கையில் சில விரைவில் உதிர்ந்துவிடுகின்றன. மந்திரவாதிகளின் கோபுரத்துக் கதையில் ஜோவன் என்ற நண்பன் நம்மை ஏமாற்றிவிட்டுத் தப்புகிறான். பின்னர் ரெட்கிளிஃப் கோட்டையின் நிலவறையில் அவனைக் காண்கையில் ஒரு கனம் நெஞ்சில் இறங்குவது உண்மை. ஆனால் மற்ற முன்கதைகளில் வந்தவர்களுக்கும் அந்தக் கைதி அங்கே இருக்கவே செய்கிறான். வனத்தில் அலையும் டேலிஷ் எல்ஃபின் கதையில், குகைக் கண்ணாடியொன்றைத் தொட்டுக் காணாமற் போன டாம்லன் என்ற தோழன், நோயுற்று உருக்குலைந்து ஓர் இரவு நம் கூடாரத்துக்கு வந்து மரணத்தை யாசிக்கிறான். உருக்கமான காட்சி, ஆனால் தீர்மானிப்பதற்கு அங்கே எதுவுமில்லை. மனிதப் பிரபுவின் கதையோ நாம் பலமுறை கேட்ட பழிவாங்கற் கதை. நண்பனாக வந்த ஹவ் இரவோடிரவாகக் கோட்டையைத் தாக்கித் தாய் தந்தையரைக் கொன்றுவிடுகிறான், பின்னொரு நாள் அவனை நாம் கொல்கிறோம். கணக்கு நேராகிறது. ஆறிலும் கட்டுக்கோப்பாக அமைந்தது இதுதான் என்பேன். ஆனாலும் இந்தக் கதையை ஆடுபவர் எந்த இடத்திலும் திகைத்து நிற்பதில்லை. யார் பக்கம் நிற்பது என்பது முதல் இரவிலேயே தீர்ந்துவிடுகிறது.

நகர எல்ஃபின் கதையைத்தான் அதிகம் பேர் விரும்பிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். டெனரிம் நகரில் எல்ஃப்களுக்கென மதில் சூழ ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. அதன் நடுவே சனங்களின் மரம் என்று போற்றப்படும் ஒரு பெருமரம். பெரியோர் பேசி முடித்த கலியாணம். கலியாண மேடைக்கே பிரபுவின் மகன் வோன் ஆட்களோடு வந்து பெண்களைத் தூக்கிச் செல்கிறான். நம் பாத்திரம் பெண்ணாக இருந்தால் தூக்கிச் செல்லப்படுபவர்களில் நாமும் ஒருத்தி. காப்பாற்ற வந்த மணமகன் நம் கண்முன் இறந்துபோவான். ஆணாக இருந்தால் நாம் வாளேந்திக் காப்பாற்றப் போகிறவன். ஒரே கதை, ஆனால் பெண்ணாக ஆடும்போதுதான் அதற்குப் பொருள் வருகிறது. ஆணுக்கு அது வழமையான வீரதீரம். மச்சாள் முறையான ஷியானிக்கு நேர்ந்த கொடுமை ஆணின் கோபத்துக்கு எரிபொருளாகிவிடுகின்றமை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அத்தோடு அந்தக் குடியிருப்பின் கதவு கதையின் பிற்பகுதி வரை நமக்கு மூடியே கிடக்கிறது. கடைசியில் திறக்கையில், வைத்தியர் வேடத்தில் வந்த டெவின்டர் வணிகர்கள் சனங்களை அடிமைகளாக விற்றுக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். அதை எதிர்க்காமல் இருக்க எவரால் முடியும்? பிரபுவாகப் பிறந்தவரும் எதிர்ப்பார். அந்த எதிர்ப்புக்கு எல்ஃபாகப் பிறந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மிஞ்சுபவை ஓர்ஸமார் என்ற நிலத்தடி நகரத்துக் குள்ளர்களின் இரு கதைகள். ஒன்று அரசகுமாரனுடையது, மற்றது சாதியற்றவனுடையது. (இரண்டையும் பெண்ணாகவும் ஆடலாம். வசதிக்காக ஆண்பாலில் எழுதுகிறேன்.)

ஆயிரத்தோர் இரவுகளில் பக்தாதின் மூன்று பெண்களின் வீட்டுக்கு வரும் ஒற்றைக் கண் கலந்தர்கள் மூவரை வாசகர்கள் அறிவர். உயிர் தப்பவேண்டுமானால் ஒவ்வொருவரும் தம் முன்கதையைச் சொல்லவேண்டும். மூவருமே அரசகுமாரர்கள், மூவரும் வீழ்ந்தவர்கள். மாறுவேடத்தில் கலீபா ஹாரூன் அல் ரஷீதும் இருந்து கேட்கிறார். ஆனால் அந்த வரிசையில் முதலில் வாய் திறந்தவன் கலந்தரல்லன், சந்தையிலிருந்து கூடை சுமந்து வந்த சுமைதூக்கி. என்னைக் கூலிக்கு அமர்த்தினார்கள், சுமந்து வந்தேன், இதுதான் என் கதை என்ற அளவில் அவன் முடித்துக்கொள்கிறான். அவனுக்குச் சொல்வதற்கு முன்கதை கிடையாது. வீழ்ந்த அரசகுமாரனுக்குக் கதை உண்டு, சுமை தூக்குபவனுக்கு வேலை மட்டுமே உண்டு என்பது கதைசொல்லும் மரபில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

‘ஒரிஜின்ஸ்’ இந்த இருவரையும் ஒரே நகரத்தில் வைத்து, இருவருக்கும் சம அளவு நேரம் கொடுக்கிறது. அரசகுமாரனின் கதை கலந்தர்களுடைய வகையைச் சேர்ந்தது. தமையன் ட்ரையன் கொல்லப்படுகிறான், பழி நம் தலையில் விழுகிறது, ஆழ்சாலைகளில் செத்துப்போகும்படி துரத்தப்படுகிறோம். எல்லாவற்றையும் பின்னால் நின்று இயக்கியவன் இளையவன் பேலன். நம்பிக்கைக்குரிய கோரிம் பின்னர் டெனரிம் சந்தையில் ஆயுத வியாபாரியாகக் கண்ணில் படுவது ஒரு நல்ல தொடுகை.

சாதியற்றவனின் கதை புழுதி நகர் என்று பொருள்படும் டஸ்ட் டவுனில் தொடங்குகிறது. பிறந்தவுடன் முகத்தில் குறி பொறித்துவிடுகிறார்கள். குடும்பங்களின் வரலாற்றைக் கல்லில் பேணும் காப்பகத்தில் அவனுக்குப் பெயரில்லை. தாய் குடிகாரி. தமக்கை ரீகாவுக்கு உடுப்பும் பாட்டும் நாகரிகப் பேச்சும் கற்றுக்கொடுக்கப் பணம் போட்டவன் பெராட் என்ற கடத்தற்காரன். அந்நகரத்தின் விதியை இங்கே கவனிக்கவேண்டும்: மகன் தந்தையின் சாதியைப் பெறுவான், மகள் தாயின் சாதியைப் பெறுவாள். ஆகவே சாதியற்ற ஒருத்தி பிரபுவொருவனுக்கு ஆண்பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை பிரபு, அவளுக்கும் அந்த வீட்டில் இடம் கிடைக்கும். ரீகாவின் அலங்காரமெல்லாம் இந்த ஒரு வாய்ப்புக்காகப் போட்ட முதலீடு. பெராட் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பெராட்டின் பந்தயப் பணத்துக்காக, எவர்ட் என்ற போர்வீரன் வெல்லும்படி எதிராளியின் பானத்தில் மருந்து கலக்க நாம் அனுப்பப்படுகிறோம். போனால் எவர்டே போதையில் மயங்கிக் கிடக்கிறான். வேறு வழியின்றி அவனது கவசத்தை அணிந்து, தலைக்கவசத்தால் முகக்குறியை மறைத்து, அவன் பெயரிலேயே களமிறங்குகிறோம். வெல்கிறோம். எவர்ட் தள்ளாடிக்கொண்டு அரங்குக்கு வந்து சேரும் கணத்தில் எல்லாம் வெளிப்படுகிறது. வென்றது குற்றமாகிவிடுகிறது. இந்தக் காட்சியில் எழுத்தாளர்கள் யாரையும் அழவைக்க முயலவில்லை. பார்வையாளராக வந்திருந்த டங்கன் மாத்திரம் குறியைப் பாராமல் சண்டையைப் பார்த்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போட்டிகளுக்குச் சிறுகதை எழுதும் நண்பர்கள் இந்த அடக்கத்தைச் சற்று நின்று பார்க்கலாம்.

பின்னர் உடன்படிக்கையோடு ஓர்ஸமாருக்குத் திரும்பும்போதுதான் முன்கதை வேலை செய்யத் தொடங்குகிறது. அரசர் இறந்துவிட்டார். முடிக்குப் போட்டியிடுபவர்கள் இருவர். ஒருவர் ஹரோமொன்ட் பிரபு: கண்ணியமானவர், மரபைக் காப்பவர். மற்றவன் பேலன்: சூழ்ச்சிக்காரன், சகோதரக் கொலையின் சூத்திரதாரி. வெளியிலிருந்து வரும் எவரும் முதலாமவரையே நல்லவர் என்பர். அரசகுமாரனாக ஆடியவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, பேலன் அவரது வாழ்வைக் குலைத்த தம்பி. ஆனால் சாதியற்றவனாக வந்தவர் அரண்மனைக்குள் நுழைகையில் அங்கே ரீகா நிற்கிறாள், கையில் பேலனுடைய ஆண்பிள்ளை. தாயும் புழுதி நகரை விட்டு அங்கே வந்துவிட்டாள். அரசகுமாரனின் முன்கதையில் குடும்பத்தை அழித்தவன் இந்த முன்கதையில் குடும்பத்தைத் தூக்கிவிட்டவன். எழுதியவர்கள் பேலனில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. நம் பிறப்பைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

முடிவுரைக் காட்சிகள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. பேலன் முடிசூடினால் ஹரோமொன்டைக் கொல்விக்கிறான், எதிர்ப்பை நசுக்குகிறான். கூடவே சாதியற்றோர் மீதான தளைகளைத் தளர்த்தி மேலுலகத்தோடு வணிகத்தைத் திறந்துவிடுகிறான். ஹரோமொன்ட் முடிசூடினால் நகரம் தன்னைப் பூட்டிக்கொள்கிறது, சாதிக் கட்டுப்பாடு இறுகுகிறது. நல்ல மனிதர் கெட்ட ஒழுங்கைக் காக்கிறார், கெட்ட மனிதன் அதை உடைக்கிறான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹரோமொன்டை ஆதரிக்கப் போனால் அவர் தரும் முதற் பணி, அதே போட்டி அரங்கில் அவருக்காகச் சண்டையிடுவது. ஒரு காலம் திருட்டுக் கவசத்தில் நின்ற இடத்தில், நம் சொந்தப் பெயரில், முகத்தை மறைக்காமல் நிற்கலாம். அந்த மரியாதையைத் தருபவர், நம்மைப் போன்ற வேறெவரும் அங்கே ஏறாதபடி பார்த்துக்கொள்ளப் போகிறவர்.

குறைகள் இல்லாமலில்லை. உடன் வளர்ந்த லெஸ்கே கடத்தற் கும்பலோடு சேர்ந்து நம்மை எதிர்ப்பதற்குப் போதிய நியாயம் எழுதப்படவில்லை. சண்டைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது போலிருக்கிறது. மேலுலகில் நம் முகக்குறியைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அங்குள்ளவர்களுக்கு நாம் வெறும் குள்ளன். ஒரு நகரத்தில் ஒருவனின் விதியாக இருந்த குறி அடுத்த நாட்டில் வாசிக்கப்படாமலே போகிறது என்பதை ஓர் உரையாடலிலாவது தொட்டிருக்கலாம். கைக்கெட்டியதை நழுவவிட்டிருக்கிறார்கள்.

இந்தத் தொடரே பின்னர் இவ்வழியைக் கைவிட்டமை வருத்தத்துக்குரியது. 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரே மனித நாயகன். 2014இன் ‘இன்குயிசிஷன்’ முன்கதையைச் சில பந்திகளுக்குச் சுருக்கிற்று. 2024இன் ‘த வெயில்கார்ட்’ ஆறு பின்னணிகளைத் தருகிறது. ஆனால் அவற்றை நாம் வாழ்ந்து கடப்பதில்லை, யாராவது சொல்லக் கேட்கிறோம். ஆறு தொடக்கங்களை எழுதி, ஆடுபவர் அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போவார் என்பது செலவுக் கணக்கில் வீண்தான்.

இனி ஆட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் அரசகுமாரனை, அதுவும் ஆணாக, எடுங்கள். பிரபுக்களின் வட்டாரத்தில் நடக்கையில் மார்டி என்ற பெண்ணும் அவளது தோழியும் சிரித்துக்கொண்டு உங்களிடம் வருவார்கள். விளையாட்டு அதை ஒரு சரசக் காட்சியாகவே நடத்துகிறது, நீங்களும் பெரும்பாலும் அப்படியே கடந்துபோவீர்கள். அதை முடித்த பின்னர் சாதியற்றவனை எடுத்து, முதற் காட்சியில் ரீகா அலங்கரித்துக்கொண்டு வாசலில் நிற்பதைப் பாருங்கள்.