குளோன் தேர்வின் பயனும் குறையும்: கள்ளக்குறிச்சிக் கரும்பையும் கல்வராயன் மரவள்ளியையும் முன்வைத்து

விதையை விடுத்துத் தண்டால் பெருக்கப்படும் பயிர்களில், ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் முளைத்து வளரும் செடிகள் யாவும் மரபுக்கூற்றில் தாயை ஒத்திருக்கும். இத்தகைய ஒற்றைத் தாய்வழிக் கூட்டம் குளோன் எனப்படும். வயலில் பிறவற்றை விஞ்சி நிற்கும் செடியை இனங்கண்டு, அதன் வழித்தோன்றல்களைப் பல பருவங்கள் சோதித்து, தேறியதை மட்டும் பெருக்கிப் பரப்புவது குளோன் தேர்வு. இம்முறையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஜெர்மனியில் 1876இல் சில்வானர் திராட்சையில் தொடங்கிய இத்தேர்வு, பின்னர் ஐரோப்பாவெங்கும் பரவி, நச்சுயிரி நீங்கிய கொடிகளையும் ஒருசேரப் பழுக்கும் குலைகளையும் தந்தது. ஆயினும் ஒரு தோட்டம் முழுவதும் ஒரே குளோன் நின்றால் ஒயினின் சுவை ஒருமுகப்பட்டுவிடும் என்று கருதும் உழவர்கள், பல பழங்கொடிகளிலிருந்து கலந்தெடுத்து நடும் பழைய வழக்கத்தை இன்றும் கைவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் தாம்சன் சீட்லெஸ் திராட்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா போன்ற வகைகளும் இத்தேர்வின் விளைவுகளே.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சீர்மையா பன்மையா என்னும் இதே வினாவைக் கரும்பும் மரவள்ளியும் எழுப்புகின்றன. சமவெளியில் கரும்பு மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பி விளைகிறது. கல்வராயன் மலைச் சரிவுகளிலும் சின்னசேலம் பக்கத்திலும் மரவள்ளி, ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் சேகோ ஆலைகளை நம்பி விளைகிறது. கரும்பு கரணை எனப்படும் தண்டுத் துண்டாலும் மரவள்ளி குச்சியாலும் நடப்படுவதால், எந்தக் குளோனை நடுவது என்ற முடிவு விளைச்சலோடு தரத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. அந்தத் தரத்தை யார் அளக்கிறார், அதன் பயன் யாரைச் சேர்கிறது என்பதில்தான் இம்முறையின் நிறைகுறை தெளிவாக வெளிப்படுகிறது.

கரும்பில் குளோன் தேர்வு ஈட்டிய வெற்றியைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1912இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம், நாட்டுக் கரும்பையும் காட்டு நாணல் இனத்தையும் கலந்து உருவாக்கி 1918இல் வெளியிட்ட கோ 205 முதல் இன்றுவரை, இந்தியக் கரும்புச் சாகுபடியின் அடித்தளமாக இருந்துவருகிறது. கரும்பின் விதையிலிருந்து முளைக்கும் நாற்றுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான நாற்றுகளை ஆண்டுதோறும் கழித்துக் கழித்து, எஞ்சும் ஒன்றிரண்டை மட்டுமே உழவரிடம் சேர்க்க முடிகிறது. தமிழகத்தில் நெடுங்காலம் பெரும்பரப்பை ஆண்ட கோ 86032, தன் எண்ணே காட்டுவதுபோல் 1986இல் எண்ணிடப்பட்டுத் தீபகற்ப மண்டலத்துக்காக 2000இல்தான் வெளியிடப்பட்டது. எடை, சர்க்கரைச் சத்து, வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மறுதாம்புத் திறன் ஆகிய மூன்றும் ஒரே குளோனில் கூடியமை அதன் சிறப்பு. ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 பருச்சீவல் நாற்றுகளைக் கொண்டு அகலப் பாரில் நடும் புதிய சாகுபடி முறைக்கும் இத்தகைய சீரான குளோன் ஏற்றதாக அமைந்தது.

எனினும் சீர்மை என்னும் இந்த வலிமையிலிருந்தே முதற்குறையும் பிறக்கிறது. வயல்தோறும் ஒரே மரபுக்கூறு நிற்கும்போது, அதன் எதிர்ப்பை உடைக்கக் கற்ற ஒரு நோய்க்கிருமிக்கு வட்டாரம் முழுவதும் திறந்துவிடப்படுகிறது. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோசி 671, சர்க்கரைச் சத்தில் நிகரற்றதாய்ப் புகழ்பெற்றும், தண்டின் உள்ளே சிவந்து புளித்த வாடை வீசச் செய்யும் செவ்வழுகல் நோய்க்கு இரையாகித் தமிழக வயல்களிலிருந்து விலக நேர்ந்தது. அதன் வழித்தோன்றலாகிய கோ 86032 அதே வயல்களில் நிலைபெற்றது. வட இந்தியாவில், 2009இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் பெரும்பரப்பைக் கைப்பற்றியபின் அண்மை ஆண்டுகளில் அதே நோயால் சரிந்த நிகழ்வு, இந்த ஆபத்து பழங்கதையாகிவிடவில்லை என்பதை உறுதிசெய்கிறது. செவ்வழுகல் முதன்மையாகக் கரணை வழியாகப் பரவுவதால், நல்ல குளோனை விரைந்து பெருக்கும் வேகம், கவனம் தவறினால் நோயையும் அதே வேகத்தில் பெருக்கிவிடும்.

இரண்டாம் குறை விலையைச் சார்ந்தது. அது உயிரியலைக் காட்டிலும் குறைவாகவே பேசப்படுகிறது. ஒன்றிய அரசு 2025-26 பருவத்துக்கு நிர்ணயித்த நியாய ஆதாய விலையின்படி, கரும்பு எடையில் சர்க்கரையாக மாறும் பங்காகிய சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதமாக உள்ள ஆலையில் குவிண்டாலுக்கு 355 ரூபாய், ஒவ்வொரு 0.1 சதவீத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 3.46 ரூபாய் கூடும் அல்லது குறையும், 9.5 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு தாழ்ந்தாலும் 329.05 ரூபாய். இந்தச் சதவீதம் ஆலைக்கு மொத்தமாகக் கணக்கிடப்படுவது. தனியொருவரின் வண்டிச் சுமைக்குரியதன்று. ஆகவே சத்துமிக்க குளோனை நட்டு, சோகை கழித்து, முதிர்ந்த நாளில் வெட்டி அனுப்பிய உழவரும், வெறும் எடைக்காக நட்டவரும் டன்னுக்கு ஒரே விலை பெறுகின்றனர். ஆலையின் சராசரி 9.5 சதவீதத்துக்குக் கீழே கிடந்தால், சிலரது நல்ல கரும்பால் அச்சராசரி சற்று உயர்வதும்கூட எவர் கைக்கும் பணமாக வந்து சேராது. வெட்டு உத்தரவு தாமதமாகி, வெட்டிய கரும்பு நாள்கணக்கில் காயுமானால், பதினான்கு ஆண்டுத் தேர்வு தேடித்தந்த சத்தும் ஆலை வாயிலிலேயே கரைந்துவிடும். இந்நிலையில் உழவர் எடையை மட்டுமே நோக்கிக் குளோனைத் தேர்வது அறியாமை ஆகாது. விலை முறை கற்பித்த பாடமே அது.

விலையைப் பொறுத்தவரை மரவள்ளியில் நிலைமை நேர்மாறானது. திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச் 226, சேலம், கள்ளக்குறிச்சி வட்டார ஆலைகளின் விருப்பத்துக்குரிய இனமாயிற்று. அதனோடு முள்ளுவாடி, குங்கும ரோஸ் என உழவர் வழக்கில் நிலைத்த இனங்களும் பயிராகின்றன. கல்வராயன் மலைக்கு மேற்கே ஏத்தாப்பூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் புதிய இனங்களைத் தேர்ந்து தருகிறது. சேகோ ஆலைகள் கிழங்கின் மாதிரியில் மாவுச்சத்தைப் பாயிண்டுகளில் அளந்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என விலை வைப்பதால், மாவு மிகுந்த குளோனை நட்டவரின் உழைப்பு அவரவர் சுமையிலேயே கணக்காகிறது. குறிப்பிட்ட தோட்டத்தின் ஒயின் தனிப்பெயரில் விற்கப்பட்டு அத்தோட்டத்துக்கே விலை திரும்பும் ஐரோப்பிய வழக்கோடு ஒப்பிட்டால், கரும்பைவிட மரவள்ளியே அதற்கு நெருங்கி நிற்கிறது. ஆனால் பாயிண்டை அளப்பதும் விலை சொல்வதும் வாங்கும் தரப்பின் கையிலேயே இருப்பதால், அளவுகோலின் நேர்மை உழவரால் சரிபார்க்க இயலாததாகிவிடுகிறது. மேலும் மாவுச்சத்து குளோனின் குணம் மட்டுமன்று. வறட்சிக்குப்பின் மழை பெய்து செடி மீண்டும் துளிர்க்கும்போது கிழங்கில் சேமித்த மாவே அத்துளிருக்குச் செலவாவதால், ஒரே குச்சியின் வழிவந்த கிழங்குகூட மானாவாரி மலைச்சரிவிலும் பாசன வயலிலும் வெவ்வேறு பாயிண்டுகளைக் காட்டும்.

நோயைப் பொறுத்தவரை மரவள்ளி கரும்பைவிடவும் இடர்ப்பாடு மிக்கது. வெள்ளை ஈயாலும் குச்சியாலும் பரவும் தேமல் நோய், இலையை மஞ்சள் திட்டுகளோடு சுருட்டிக் கிழங்கைச் சிறுத்துவிடுகிறது; நோயுற்ற குச்சியிலிருந்தே வளரும் செடி, பின்னர் ஈயால் தொற்றிய செடியைவிட அதிக இழப்பைத் தருகிறது. எச் 226 இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவது. அறுவடையான வயலின் குச்சிகளே அடுத்த பருவத்துக்கு அண்டை வயல்களுக்கும் மலைச் சிற்றூர்களுக்கும் போவதால், காசில்லாக் கொடையாய் நோயும் உடன் செல்கிறது. வழக்கமான முறையில் ஒரு செடியிலிருந்து சுமார் பத்துச் செடிகளே பெருக்க முடியும் என்பதால் தூய குச்சி எப்போதும் பற்றாக்குறை. இரு கணுக்கள் கொண்ட சிறு துண்டுகளை நாற்றங்காலில் வளர்க்கும் முறை இதை அறுபது செடிகள்வரை உயர்த்துகிறது. எந்தத் தேர்வும் முன்கூட்டிக் காணாத எதிரிகளும் உண்டு. 2020இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழகத்துக்குள் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த, ஆப்பிரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியை 2022 முதல் வயல்களில் விடவேண்டியதாயிற்று. வரப்போகும் எல்லாப் பகைக்கும் ஒரு குளோனிடமே விடை இருக்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், குளோன் தேர்வு மதிப்புமிக்க கருவி என்பதில் ஐயமில்லை. தூய நடுபொருளும் முன்கணிக்கத்தக்க விளைச்சலும் இதைவிட எளிய வழியில் கிடைப்பதில்லை. தேர்வின் உரைகல்லை ஆலையின் தேவை மட்டுமே வகுப்பதும், தேர்ந்த ஒன்றையே எங்கும் நிறுத்துவதும்தான் அதன் பயனைக் குறைக்கின்றன. கரும்பில் முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என முதிர்ச்சியில் வேறுபட்ட மூன்று நான்கு குளோன்களை ஆலைப் பகுதியில் பங்கிட்டு நடுவது நோயின் பாய்ச்சலைத் தடுக்கும். அரைவைக் காலத்தையும் சீராக்கும். ஆனால் வண்டிச் சுமை வாரியாகச் சாற்றின் சத்தை அளந்து விலையில் ஒரு பகுதியையேனும் அதனோடு இணைக்காதவரை, உழவர் அப்பங்கீட்டை விரும்பி ஏற்கக் காரணமில்லை. மரவள்ளியில் விலை முறை ஓரளவு சரியாக உள்ளது. அங்கே தேவைப்படுவது ஆலைக்கும் உழவருக்கும் பொதுவான மாவு அளவீட்டு நிலையமும், வெள்ளை ஈ குறைந்த மலைப்பகுதிகளைத் தேர்ந்து அமைக்கும் தூய குச்சித் தோட்டங்களுமே ஆகும். ஆராய்ச்சி நிலையம் தரும் குளோன் எவ்வளவு மேன்மையானதாயினும், அதை அளக்கும் தராசும் பெருக்கும் நாற்றங்காலும் உழவர் கண்முன் இயங்கினால்தான் அம்மேன்மை வயலில் தரமாகவும் வீட்டில் வருமானமாகவும் மாறும்.