தானே அவிழும் மூட்டை

லினக்ஸ் கெர்னலை பில்ட் செய்பவர்கள் கடைசியில் திரையில் ஓடும் 'பிக்கி' என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். உருவான கெர்னலை அங்கே ஜிஜிப் போன்ற ஒன்று சுருக்க, அதை விரிக்கும் சிறு நிரலும் கூடவே சேர்ந்துகொள்கிறது. யாரும் தனியாகக் கட்டளை இடுவதில்லை. பில்டின் ஒரு படியாகவே அது நடந்து முடிந்துவிடுகிறது.

சாதாரணப் புரோகிராம்களுக்கு இதே வேலையைச் செய்வது யூபிஎக்ஸ். டாஸ் காலத்தில் ஃபாப்ரிஸ் பெல்லார் எழுதிய எல்இஜட்எக்ஸ்இ இதற்கு மூத்தது. மார்க்கஸ் ஓபர்ஹூமரும் லாஸ்லோ மோல்னாரும் தொடங்கிய யூபிஎக்ஸோ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஜிப் கோப்பைத் திறக்க வேறொரு மென்பொருள் வேண்டும். யூபிஎக்ஸ் சுருக்கிய கோப்புக்கு அது தேவையில்லை. புரோகிராமை ஓட்டியதும் உள்ளிருக்கும் குட்டி நிரல் விழித்து, எல்லாவற்றையும் நினைவகத்தில் விரித்துவிட்டு, பழைய தொடக்கப் புள்ளிக்குத் தாவிவிடும்.

நான் சொக்கிப்போகும் இடம் வேறு. எக்ஸ்86 செயலியில் ஒரு ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும் வழக்கமான 'கால்' கட்டளை, அந்த ஃபங்ஷனின் முகவரியைச் சொல்வதில்லை; இங்கிருந்து எத்தனை பைட் தள்ளி என்றுதான் சொல்லும். ஒரே ஃபங்ஷனை நூறு இடங்களிலிருந்து அழைத்தால் நூறு வெவ்வேறு எண்கள். சுருக்கும் அல்காரிதம் தேடுவதோ திரும்பத் திரும்ப வருவதை. ஆகவே யூபிஎக்ஸ், சுருக்குவதற்கு முன்பே அந்தத் தூரங்களையெல்லாம் ஒரே புள்ளியிலிருந்து அளந்த முகவரிகளாக மாற்றிவிடுகிறது. நூறும் ஒரே எண்ணாகிவிடும்! விரித்தபின் பழையபடி தூரமாக்கிவிடும். செயலியின் மொழியை நன்றாகப் படித்தவனுக்கு மட்டுமே தோன்றும் யோசனை இது. எண்களைச் சுருக்கும் முன், சுருங்கத் தோதாக எழுதிக்கொள்வது.

மேக்ஃபைலில் யூபிஎக்ஸைச் சேர்க்க ஒரு வரி போதும். தினசரி பில்டுக்கு வேண்டியதில்லை. வெளியீட்டுக்கு மட்டும் '--best' போடலாம். '--brute' எல்லா வழிகளையும் முயன்று பார்க்கும். அதற்குள் காபி ஆறிவிடும்.

குறைகளும் உண்டு. சுருக்காத புரோகிராமில் தேவையான பக்கங்களை மட்டும் வட்டிலிருந்து எடுத்தால் போதும். பல பிரதிகள் ஓடினாலும் அவை அந்தப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். சுருக்கியதில் இரண்டும் போயிற்று. கட்டுச்சோற்று மூட்டைக்குள் பெருச்சாளியை வைத்துக் கட்டுகிற வைரஸ்காரர்களும் இதே கருவியைக் கையாளுவதால், ஆன்டிவைரஸ்கள் நல்ல மூட்டையையும் முகர்ந்து பார்க்கின்றன. சேமிப்பிடம் தாராளமாக இருக்கும் சர்வரில் இதைப் போடுவது வீண். இடம் குறைந்த கருவிகளிலும், ஒற்றைக் கோப்பாகத் தரவிறக்கும் சிறு கருவிகளிலும்தான் இதன் அருமை தெரியும்.

பில்டில் சேர்ப்பவர்கள் வரிசையை மாற்றிவிட வேண்டாம்: முதலில் ஸ்ட்ரிப், பிறகு யூபிஎக்ஸ், '-t' போட்டு ஒரு சோதனை, அதன் பிறகே டிஜிட்டல் கையொப்பம். கையொப்பமிட்ட கோப்பைச் சுருக்கினால் அந்தக் கையொப்பம் செல்லாது.