ஆப்பிரிக்க ஐக்கியமும் ஊர்ச் சபையின் கணக்கும்

1963-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி, எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில், 32 சுதந்திர நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஐக்கிய ஸ்தாபனத்தை நிறுவியபோது, கண்டம் முழுவதும் ஒரே சர்க்காரின் கீழ் வர வேண்டும் என்று வாதாடிய கானாவின் குவாமே நிக்ருமாவின் கட்சி தோற்று, ஒவ்வொரு தேசமும் தன் எல்லைக்குள் தனியரசாக நின்று ஒத்துழைத்தால் போதும் என்ற நிதானஸ்தர்களின் கட்சி வென்றது. ஆப்பிரிக்க ஐக்கியத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் அந்தப் பழைய வழக்கையே இன்றும் விசாரித்துவருகிறார்கள். ஆனால் இரு கட்சியாருமே போதிய அளவு ஆராயாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: ஒன்றுசேர்பவர்கள் ஆளுவோரா, குடிமக்களா?

அந்நியர் மீண்டும் உள்ளே நுழையாதபடி காக்கும் மதிலாக அந்த ஸ்தாபனம் எழுப்பிய விதி, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடலாகாது என்பது. அதே மதில் நாளடைவில் கொடுங்கோலர்களுக்கும் அரணாயிற்று. 1975-இல் ஸ்தாபனத்தின் தலைமை உகாண்டாவின் இடி அமீனிடமே போய்ச் சேர்ந்தது; ஜனாதிபதி நைரேரேயின் தான்சானியா அவ்வருஷம் கம்பாலாவில் கூடிய ஸ்தாபனத்தின் மாநாட்டுக்குச் செல்ல மறுத்தது. 1994-இல் ருவாண்டாவில் நிகழ்ந்த சங்காரத்துக்குப் பிறகே கண்டத்தின் மனசாட்சி உலுக்கப்பட்டது. 2002-இல் டர்பனில் பிறந்த ஆப்பிரிக்க ஒன்றியம், இனப்படுகொலை போன்ற மகாபாதகங்கள் நேரும் இடத்தில் தலையிடும் உரிமையைத் தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. அது பெரிய முன்னேற்றம்தான். எனினும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பணம் பாதி வழியில் மறைந்துபோவது போன்ற அன்றாட அநீதிகளுக்குப் பரிகாரம் ஊரிலேயே பிறக்க வேண்டுமன்றி, கண்டத்தின் மகாநாட்டு மண்டபத்திலிருந்து வர முடியாது.

ஊராட்சி ஏன் இப்படிச் சீர்கெட்டது என்பதற்கு, மஹ்மூத் மம்தானி என்ற அறிஞர் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் ஆழமான விடை தருகிறது. நகரத்தானை உரிமையுள்ள குடிமகனாகவும், கிராமத்தானைத் தலைவனின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிரஜையாகவும் ஏகாதிபத்தியம் பிரித்துவைத்தது என்பதும், அதிகாரம் கிராமத்துக்கு இறங்கியபோது பொறுப்பு அதனுடன் இறங்காமல் கொடுங்கோன்மை மட்டுமே இறங்கியது என்பதும் அவருடைய முடிவு. கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடையே பரம்பரைத் தலைவர்களே இல்லாத ஊர்களிலும் ஆங்கில சர்க்கார் சன்னத்து என்னும் நியமனப் பத்திரம் கொடுத்துத் தலைவர்களைச் சிருஷ்டித்தது. பெண்களுக்கும் வரி விதிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு 1929-இல் பரவவே, ஆயிரக்கணக்கான பெண்கள் அத்தலைவர்களின் வீட்டு வாசல்களை முற்றுகையிட்டு, பாடியும் ஆடியும் நியாயம் கேட்டார்கள். சர்க்காரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் பல பெண்கள் மாண்டார்கள். ஆனால் சன்னத்துத் தலைவர் முறையும் அதன் பின் நிலைக்கவில்லை.

கணக்குக் கேட்கும் வழக்கம் ஆப்பிரிக்க மண்ணுக்கு மேனாட்டார் கொண்டுவந்து கொடுத்ததன்று. போட்ஸ்வானாவில் மரக்கம்புகளைப் பிறைவடிவில் நட்டு அமைத்த வேலிக்குள், மர நிழலில் கூடும் ‘கோட்லா’ என்னும் ஊர்ச்சபையில், வந்தவர்கள் தத்தம் கருத்தைச் சொல்லி முடித்த பிறகே தலைவன் வாய் திறப்பான். தலைவனைத் தலைவனாக்குவது குடிகளே என்பது அவர்கள் கொள்கை. பெண்களை நெடுங்காலம் அச்சபைக்குப் புறம்பே நிறுத்தியது அதன் பெருங்குறை என்பதையும் மறைக்கலாகாது.

சுதந்திர அரசுகளும் இந்த மரபை எளிதில் மீட்கவில்லை. கானாவின் 1992-ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி, மாவட்ட சபை உறுப்பினரில் நூற்றுக்கு 30 பேர் வரை ஜனாதிபதி நியமிக்கிறார். மாவட்டத்தின் நிர்வாகத் தலைவரை நியமிப்பவரும், சபையின் சம்மதத்துக்கு உட்பட்டு, அவரே. நைஜீரியாவில் 774 உள்ளாட்சி வட்டாரங்களின் பணம் மாநில ஆளுநர்களின் கையில் சிக்கிக் கிடந்ததை, 2024-இல்தான் உச்ச நீதிமன்றம் தவறென்று தீர்த்தது. கென்யாவோ 2010-இல் 47 கவுண்டிகளை வகுத்து, தேசிய சர்க்காரின் வருவாயில் 15 சதவீதத்துக்குக் குறையாத பங்கை அவற்றுக்கு உறுதிசெய்தது.

ஆயினும் சட்டத்தைவிட நெஞ்சில் நிற்பது உகாண்டாவின் கதை. 1991 முதல் 1995 வரை, ஆரம்பப் பள்ளிகளின் செலவுக்காக மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்கிய மானியத்தில் சராசரி 13 சதவீதமே பள்ளிகளை எட்டியது என்று ரைனிக்கா, ஸ்வென்சன் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் கண்டார்கள். மாவட்டந்தோறும் அனுப்பும் தொகையைப் பத்திரிகைகளில் வெளியிடவும், வந்து சேர்ந்த தொகையைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டவும் சர்க்கார் ஏற்பாடு செய்தது. 2001-இல் மானியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிகளை அடைந்தது. வேறு சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்குண்டு என்று பின்வந்த அறிஞர்கள் வாதித்தது நியாயமே. ஆனாலும், பிள்ளையைப் பள்ளியில் விட வந்த தாய் அந்தச் சுவரின் முன் நின்று ஒரு தொகையைப் படித்தாளே, அந்தக் கணத்தில் அவள் பிரஜை நிலையைக் கடந்து குடிமகளானாள் என்றே நான் கருதுகிறேன்.

2014-இல் மலாபோவில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அதிகாரப் பரவல், உள்ளாட்சி பற்றிய சாசனம், ஐக்கியத்தையும் ஊர்க்கணக்கையும் ஒரே ஏட்டில் சேர்த்து வைத்தது. உகாண்டாவின் தாய் படித்தது போன்ற ஒரு காகிதத்தை நைஜீரியாவின் ஒரு தாய், அந்தச் சாசனத்தைச் சுட்டிக்காட்டித் தன் ஊர்ச் சபையிடம் கேட்டுப் பெறுவாளானால், நிக்ருமா மாநாட்டில் தோற்ற வழக்கு மக்களிடத்தில் வெல்லத் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.