தாள் இருந்தால்தான் சண்டை போடவே முடியும்: 'ஹேக்கிங் டெமாக்ரசி' பற்றி

ஹெச்பிஓ 2006-ல் ஒளிபரப்பிய 'ஹேக்கிங் டெமாக்ரசி' ஆவணப்படத்தில் வில்லன் யார் என்பதில் குழப்பமே இல்லை. அமெரிக்காவில் ஓட்டு மெஷின் விற்ற டீபோல்ட் கம்பெனிதான். அதன் தலைமை அதிகாரி வால்டன் ஓ'டெல் 2003-ல் குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்ட எழுதிய கடிதத்தில், ஒஹையோவின் ஓட்டுகளை அதிபர் புஷ்ஷுக்குப் பெற்றுத் தர உதவுவதில் உறுதியாக இருப்பதாகச் சொன்னார். மெஷின் விக்கிறவரே இப்படி எழுதினா எதிர்க்கட்சிக்காரன் எப்படி நம்புவான்?

படத்தின் உச்சம் 2005 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் லியோன் கவுண்டியில் நடந்த சோதனை. ஃபின்லாந்துக்காரர் ஹாரி ஹர்ஸ்டி ஒரு மெமரி கார்டில் மட்டும் கை வைக்கிறார். 'இந்த மெஷினை ஹேக் செய்ய முடியுமா?' என்பதுதான் கேள்வி. போட்ட ஓட்டு: ஆம் 2, இல்லை 6. மெஷின் சொன்னது: ஆம் 7, இல்லை 1.

பார்க்கிறவர்களை உலுக்கும் காட்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது தாள் சீட்டை ஸ்கேன் பண்ணுகிற மெஷின். எட்டுச் சீட்டும் கையில் இருந்ததால்தான் மெஷின் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

சரி, தாள் இருந்தா மட்டும் போதுமா? போதாது. அதற்கான சாட்சியும் இதே படத்தில் இருக்கிறது. 2004 ஒஹையோ மறு எண்ணிக்கையில் 3 சதவீதத்தைக் கையால் எண்ணி, மெஷின் கணக்கோடு ஒத்துப்போனால் மீதியை மெஷினிலேயே எண்ணலாம் என்பது விதி. அந்த 3 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். கயஹோகா கவுண்டியிலோ ஒத்துப்போகும் கட்டுகளை முன்கூட்டியே பார்த்து எடுத்து வைத்துவிட்டார்கள். விஷயம் கோர்ட் வரை போனது. இதில் வேடிக்கை என்னன்னா, அந்தத் தேர்தலில் அங்கே இருந்தது டீபோல்ட் மெஷினே இல்லை, துளை போடும் அட்டை. 'கெட்ட கம்பெனி' என்ற கதைக்குள் இது அடங்கவில்லை.

படத்தின் பெரிய குறை இதுதான். 'மாத்த முடியும்' என்பதும் 'மாத்திட்டாங்க' என்பதும் வேறு வேறு வாக்கியம். படம் முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதன் பயத்தை நமக்குள் விட்டுப் போகிறது.

அந்தப் பயம் 2020-ல் வேறு முகாமிலிருந்து வந்தது. டீபோல்டின் ஓட்டு மெஷின் தொழில் கைமாறி 2010-ல் டொமினியனிடம் போயிருந்தது. ஜார்ஜியா 2002 முதல் தாளே இல்லாத டீபோல்ட் மெஷின்களில் ஓட்டுப் போட்ட மாநிலம். 2020-க்குள் தாளுக்கு மாறியிருந்ததால் சுமார் 50 லட்சம் ஓட்டுகளைக் கையால் எண்ண முடிந்தது. பைடன் ஜெயித்தது உறுதியானது. பழைய மெஷினே இருந்திருந்தால் எண்ணுவதற்கு எதுவுமே இருந்திருக்காது. 2023-ல் டொமினியனுக்கு 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் வழக்கை முடித்துக்கொண்டது.

கம்பெனிகளை எதிர்த்தவர்கள் கேட்ட தாள்தான் கடைசியில் ஒரு கம்பெனியின் பேரைக் காப்பாற்றியது. குறைகளோடும் இந்தப் படத்தைப் பாருங்கள். ஆனால் பார்த்து முடித்ததும் 'எந்தக் கம்பெனி மோசம்?' என்று கேட்பதை விட, 'தோற்றவன் எண்ணிப் பார்க்க என்ன இருக்கு, அதை யார் எடுத்துக் கொடுக்கறாங்க?' என்று கேளுங்கள்.