சூரபன்மனின் விண்தேர்
(கந்தபுராணத்து இந்திரஞாலம் பற்றிய ஒரு நோக்கு)

வானூர்தி பற்றிய கற்பனை தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. பாகன் செலுத்தாமலே விசும்பிற் செல்லும் ஊர்தியைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். திருத்தக்கதேவர் சீவகசிந்தாமணியில் ஒரு மயிற்பொறியை அமைத்து, கருவுற்ற விசயையை அதிலேற்றி நகரைவிட்டு அகற்றினார். கம்பரின் புட்பகம் குபேரனிடமிருந்து இராவணனுக்கும், அவன் மாண்டபின் இராமனின் பயணத்துக்கும் உரியதாயிற்று. ஆயினும் இவையெல்லாம் ஓர் உலகின் எல்லைக்குள் இயங்குவன. பல அண்டங்களை அடக்கிய ஒரு பேரரசையும், அப்பேரரசை ஒருவன் கட்டியாளுதற்குக் கருவியாய் நின்ற ஓர் ஊர்தியையும் காணவேண்டுமாயின் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்துக்கே செல்லல் வேண்டும். சூரபன்மனின் இந்திரஞாலத் தேரே அவ்வூர்தி.

பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அந்நூலை முருகனின் புகழ்நூலாக மட்டுமே படித்துச் செல்வோர் பலர். அசுர காண்டத்தைப் பொறுமையுடன் பயில்வோர் சிலரே. அக்காண்டத்திலேதான் பேரரசு ஒன்று எவ்வாறு எழுகின்றது என்பதைக் கவிஞர் படிப்படியாகக் காட்டுகின்றார். சூரபன்மன் வேள்வி செய்து, ஈற்றில் தன்னையே தீயில் இட்டு, சிவபெருமானிடம் வரம் பெறுகின்றான். ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் உரிமை ஒரு வரம். அவ்வண்டங்களுக்குச் சென்று மீள்வதற்கு இந்திரஞாலம் என்னுந் தேர் மற்றொரு வரம். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமை நோக்கற்பாலது. அண்டங்களைக் கொடுத்துத் தேரைக் கொடாது விட்டிருப்பின், சூரன் பெயரளவில் அரசனாய் ஓரண்டத்துள் முடங்கியிருப்பான். எட்டமுடியாத நிலத்தை ஆளமுடியாது என்னும் அரசியலுண்மையைக் காஞ்சிக் குமரகோட்டத்து அருச்சகர் நன்கறிந்திருந்தார். வரம்பெறு படலத்தை அடுத்துச் சிறிது தூரத்தில் அண்டகோசப் படலம் வருவதும் காரணத்தோடு கூடியதே. ஆளவேண்டிய பரப்பின் அளவும் அமைப்பும் முன்னர்ச் சொல்லப்படுகின்றன. திக்குவிசயம் அதன் பின்னரே நிகழ்கின்றது.

அத்தேரின் அமைப்பை நோக்கின், அச்சு, உருளை, கொடி என்பன வழக்கமான தேர்வருணனைக்கு உரியவையே. அதனிற் புதுமை காண்பதற்கில்லை. தேரின் தனித்தன்மை அதன் உடலிலன்று, பணியில் உளது. யுத்த காண்டத்தின் இறுதிப் பகுதி இதற்குச் சான்று. தம்பியரையும் மைந்தரையும் இழந்த சூரன் நேரே போர்க்களம் புகுகின்றான். பிற அண்டங்களிலிருந்து அவனுக்குத் துணைப்படைகள் திரண்டு வருகின்றன. அவை மேலும் வாராவண்ணம் முருகன் அண்டவாயில்களைக் கணைகளால் அடைக்கின்றான். சூரன் தன் தேரிலே அண்டம் விட்டு அண்டம் தாவ, முருகன் தொடர்ந்து செல்கின்றான். பின்னர் மாயை தோன்றி, மாண்டோரை எழுப்பும் ஆற்றலுடைய மந்தரமலையைக் கொணருமாறு மகனுக்கு உரைக்கின்றாள். சூரன் தான் செல்லவில்லை, தேரை ஏவுகின்றான். ஆளில்லாத தேர் தனியே சென்று மலையைப் பெயர்த்துக் கொணர்கின்றது. மாண்ட அவுணர் எழுகின்றனர். முருகனின் படைக்கலம் அவர்களை மீளவும் அழிக்கின்றது.

இதன்மேல் நிகழ்வதே காப்பியத்தின் மிகச் சிறந்த திருப்பங்களுள் ஒன்று. வீரவாகுவையும் பூதப்படையையும் வாரிச்சென்று அண்டத்தின் உச்சியில் வைக்குமாறு சூரன் தேரை ஏவுகின்றான். அது அவ்வாறே செய்கின்றது. முருகன் ஒரு கணையை விடுக்கின்றான். அக்கணை தேரைத் தகர்க்கவில்லை, மீட்டழைக்கின்றது. சென்ற தேர் சிறைப்பட்டோரைச் சுமந்தபடியே திரும்பி முருகன்முன் வந்து நிற்கின்றது. இனிச் சூரனிடம் செல்லாதே என்பது கட்டளை. தேர் அங்கேயே நின்றுவிடுகின்றது. தலைகள் உருளாமலும் தீ எழாமலும், பேரரசு ஒன்று தன் கால்களை இழந்துவிட்டது. அதன்பின் சூரன் சிங்க வாகனத்தில் ஏறுகின்றான். சிங்கமும் மாள, பறவையாகின்றான். கடலாய், இருளாய், மாமரமாய் உருமாறுகின்றான். ஆயிரத்தெட்டு அண்டங்களிலும் திரிந்தவன் ஈற்றில் வேரூன்றி ஓரிடத்தில் அசையாது நிற்கும் மரமாகின்றான் என்பதைப் படிப்போர் தாமே உணரும்படி கவிஞர் விட்டிருக்கிறார்.

மேனாட்டாரின் இக்காலக் கற்பனையோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். ஜோர்ஜ் லூக்காஸ் இயக்கி 1977 இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' என்னும் திரைப்படம் ஒரு கொடிய பேரரசின் மரக்கலம் போன்ற பெருங்கப்பல் பார்ப்போரின் தலைக்குமேல் முடிவின்றி நீண்டு செல்லுங் காட்சியோடு தொடங்குகின்றது. பேரரசின் வலிமை ஈண்டுப் பருமையாற் காட்டப்படுகின்றது. 1966 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரில் ரோமுலர் என்னும் அயலினத்தாரின் கப்பல் கண்ணுக்குப் புலனாகாது மறையவல்லது. ஆயின் மறைந்திருக்கையில் அது படை தொடுக்க இயலாது. மறைவதற்கு மிகுந்த ஆற்றலும் செலவாகும். முகிலிடை மறைந்து நாகபாசம் விடுத்த கம்பனின் இந்திரசித்துக்கு இத்தகைய தடை இருந்ததில்லை. வலிமைக்கு ஒரு விலை வைக்கவேண்டும் என்னும் நுட்பத்தில் அமெரிக்க எழுத்தாளர் சிறந்தே நிற்கின்றனர். கச்சியப்பரும் விலை வைத்தார். அவர் வைத்த விலை வேறு. சூரனின் தேர் எரிபொருள் தீர்ந்து நிற்கவில்லை. கொடுத்தவனின் மைந்தன் அழைத்தமையால் நின்றது. பெற்ற பொருள் தன் உரிமைப்பொருள் என்று சூரன் கருதியதே அவன் பிழை. தேர் அவ்வாறு கருதியதில்லை. 'இந்திரஞாலம்' என்னும் சொல் தமிழில் மாயவித்தையைக் குறிப்பது. மாயையின் மகன் ஏறிய ஊர்திக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

இந்நுட்பங்களையெல்லாம் விட்டுவிட்டு, இத்தேர் நம் முன்னோர் செய்த விண்கலமே என்று மேடைகளிற் பேசுவோர் உளர். அவர்கள் சான்றுகாட்டும் 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலைப் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்து ஆய்வாளர் 1974 இல் ஆராய்ந்தனர். அந்நூல் இருபதாம் நூற்றாண்டில் எழுந்ததே என்றும், அதிற் கூறப்படும் ஊர்திகள் பறக்கத்தக்கனவல்ல என்றும் அவர்கள் முடிவு கூறினர். இம்முடிவு புராணத்துக்கு இழுக்கன்று. தேரைப் பொறியாகக் கொள்வோரே புராணத்துக்கு இழுக்குத் தேடுகின்றனர். பொறியாயின் அது முருகனின் அழைப்பைக் கேட்டுத் திரும்பியதற்குப் பொருளில்லை. சூரனின் வீழ்ச்சிக்கும் பொருளில்லை. பொறியை வேண்டுவோர் சிந்தாமணியின் மயிலை நாடலாம். அது திருகினால் எழுவது, திருகினால் இறங்குவது. விசயை சோர்ந்தபோது சுடுகாட்டிலே இறங்கிவிட்டது.

கல்முனைக் கரையிலுள்ள வாசகர்க்கு இவ்விடத்தே வேறோர் ஒப்புமையும் தோன்றாமற் போகாது. இசுலாமியத் தமிழிலக்கியத்தின் தொன்மையான நூல்களுள் ஒன்று ஆலிப் புலவர் 1590 இல் இயற்றிய மிகுராசு மாலை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விண்ணேற்றம் அதன் பொருள். அம்மரபில் ஏழு வானங்களுக்கும் வாயில்கள் உள. ஒவ்வொரு வாயிலிலும் காவலராகிய வானவர், வந்திருப்பவர் யார், அழைக்கப்பட்டவரா என்று வினவியே கதவைத் திறக்கின்றனர். சூரனோ எவ்வாயிலிலும் நின்று விடைபகர்ந்தவனல்லன். அழைக்கப்பட்டுச் செல்லுதலுக்கும் ஆளச் செல்லுதலுக்கும் உள்ள வேற்றுமையை இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்போர் தெளிவாகக் காண்பர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும், 1942 முதல் கல்முனையில் அரசாங்க உத்தியோகம் வகித்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் நட்புப் பூண்டு பழகிய நிலத்தில் இவ்வாறு படித்தல் இயல்பேயாம்.

கச்சியப்பரிடம் குறை காண்பதற்கும் இடமுண்டு. அரசுசெய் பகுதியில் சூரன் தேவர்க்கு இழைத்த இழிவுகளுள் ஒன்றாக அவர்களை மீன் சுமக்க வைத்தமை பெரிதாகப் பேசப்படுகின்றது. காஞ்சிச் சிவாசாரியாருக்கு அது பேரிழிவாய்த் தோன்றியிருக்கலாம். கரைவலை இழுத்து, மீன் சுமந்து, பிள்ளைகளைக் கல்விகற்க அனுப்பும் ஊர்களில் அப்பகுதியைப் பொருள் சொல்லும் ஆசிரியர் சிறிது இடர்ப்படவே செய்வார்.

இதனினும் பெரிய குறை மகேந்திர காண்டத்தில் உளது. சூரனின் தலைநகராகிய வீரமகேந்திரத்துக்கு வடக்கே காவற்பதியாய் அமைந்தது இலங்கை. தூது செல்லும் வீரவாகு கடல்கடந்து வந்து குதித்தலும் இலங்கை கடலில் அமிழ்கின்றது. அங்குள்ள அவுணர் மாள்கின்றனர். அப்படலத்தின் பெயரே 'இலங்கை வீழ்த்து படலம்'. போரின் முடிவில் மகேந்திரபுரியையும் கடல் கொள்கின்றது. வீரச்சுவைக்குரிய நிகழ்ச்சிகளாகவே இவற்றைக் கவிஞர் நடத்திச் செல்கின்றார். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் எழுந்தபோது இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. பத்தாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்னும் ஊர்களில் அந்நாளை அறிந்தோர் அப்படலத்தைப் பிறர் படிப்பதுபோற் படித்தல் இயலாது. கடலுள் அமிழும் நகரத்தில் தேரேறிய வேந்தர் மட்டும் இருப்பதில்லை.

சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று தத்துவப் பொருள் கூறி, அழிந்தவை மலங்களே என அமைதி காட்டுவர் சைவ அறிஞர். அவ்விளக்கம் காப்பியத்தின் கட்டுக்கோப்பைத் துலக்குவது, ஏற்கத்தக்கதே. ஆயினும் அது கேள்வியைத் தள்ளிவைக்கின்றதேயன்றித் தீர்க்கவில்லை. தத்துவத்தையே அளவுகோலாகக் கொள்ளினும், தேரை மீட்ட இடத்திற் கவிஞர் அடைந்த உயரத்தை இலங்கையை வீழ்த்திய இடத்தில் அடையவில்லை என்பதே முடிபாகும். முன்னதில் பகைவனின் கருவி உடையாமல் உரியவனைச் சேர்கின்றது, கருணை வெல்கின்றது. பின்னதில் வெறும் பாரமே வெல்கின்றது. ஒரே புலவரின் ஒரே நூலுள் இவ்விரண்டும் இருத்தலைக் காட்டாது, பரீட்சைக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் வகுப்பிற் கற்பித்து விடுதல் மாணவர்க்கு நன்மையாகாது.

ஐப்பசித் திங்களில் கந்தசட்டி முடிவில் கிழக்குக் கரையின் முருகன் கோயில்களில் சூரன்போர் நிகழும். யானைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்தமுகம் என்று தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும், மாமரம் வரும், சேவலும் மயிலும் வரும். சிறுவர் தோள்களில் ஏறிநின்று பார்ப்பர். இந்திரஞாலத் தேர் மட்டும் அவ்வீதிக்கு வருவதில்லை. ஆளின்றிச் சென்று அழைத்தவுடன் திரும்பிய ஓர் ஊர்தியை மரத்தாலும் கடதாசியாலும் செய்து காட்டுதல் அரிது போலும். அதனைக் காண விரும்புவோர், ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனத்துக்கே செல்லவேண்டியிருக்கின்றது.